இருபத்தேழாம் வரி

கட்டுரையின் முதல் பக்கத்தில் என் பெயரும் வர வேண்டும் என்று கேட்டேன். இந்த ஒன்றை மட்டும் கேட்டுவிடாதே என்று, நான் வேலையில் சேர்ந்த அன்றே ஆய்வகத்து ஃப்ரெடி அண்ணன் சொல்லியிருந்தார்.

"லீவு கேளு, ஃபேன் கேளு, காலு ஆடாத நாற்காலி கேளு. பேரு மட்டும் கேக்காத. உனக்கு முன்னாடி இருந்த பொண்ணு கேட்டுச்சு. இப்ப புழல்ல கீது" என்றார். நான் முழித்ததைப் பார்த்துவிட்டு, "ஜெயில்ல இல்லம்மா, டியூஷன் சென்டர்ல" என்று சிரித்தார்.

கார்குழலி மேடம், நீங்கள் வேறு ஊர்க் கல்லூரியிலிருந்து விசாரணைக்கு வந்தவர். இங்கே வேலை எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. கையெழுத்துப் போடு என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டு உங்கள் குழு சாப்பிடப் போயிருக்கிறது. அந்தத் தாளின் பின்பக்கத்திலும் மேஜையில் இருந்த வெள்ளைத் தாள்களிலும் இதை எழுதுகிறேன். முன்பக்கத்தில் கையெழுத்துப் போடப் போவதில்லை.

என் பெயர் பெர்சிஸ். எம்.எஸ்சி. புள்ளியியல். அப்பா எபினேசர் வண்ணாரப்பேட்டையில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை தூக்குகிறார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். காலடிப்பேட்டையில் எங்கள் சந்தில் எனக்கு 'காலேஜு' என்றுதான் பெயர். "காலேஜு, தண்ணி லாரி வந்துட்ச்சு, கொடத்த எட்த்துகினு வா" என்பார்கள். என் பெயர் இதுவரை அச்சில் வந்தது ஒரே இடத்தில், வாக்காளர் பட்டியலில். அதிலும் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அப்பா அந்தத் தாளையும் மடித்து பைபிளுக்குள் வைத்திருக்கிறார்.

முனைவர் ஆறுமுகநயினார்தான் இந்தக் கல்லூரியின் ஆராய்ச்சிப் புலத் தலைவர். ஆண்டுக்கு ஒரு பல்துறை ஆய்வுத் தொகுப்பு கொண்டுவருவார். அறிவியல், தொழில்நுட்பம், விளையாட்டு, சுற்றுலா என்று நான்கு பகுதி. இந்த ஆண்டு இருபத்திரண்டு கட்டுரைகள். சாம்பல் கலந்த செங்கல் எவ்வளவு பாரம் தாங்கும், துறைமுகக் கிரேனில் அதிர்வு எப்போது கூடுகிறது, எண்ணூர் முகத்துவாரத்தைப் பார்க்க வருகிறவர்கள் எவ்வளவு திருப்தியோடு திரும்புகிறார்கள், எல்லாம் உண்டு. இருபத்திரண்டிலும் அவர் பெயர் உண்டு. செங்கலிலிருந்து சுற்றுலாப் பயணியின் மனம் வரை ஒரே மனிதர் அறிஞராக இருப்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அவற்றில் பத்தொன்பது கட்டுரைகளுக்கு அட்டவணை போட்டவள் நான்.

பதினெட்டுக்கு நான் பெயர் கேட்கவில்லை. அவை வேறு யாரோ கொண்டுவந்து கொட்டிய எண்கள். பத்தொன்பதாவது அப்படி இல்லை.

அது விளையாட்டுப் பகுதிக்கானது. திருவொற்றியூர் மைதானத்தில் தவசிமுத்து கோச்சிடம் ஓடப் பழகும் அறுபத்து நான்கு பிள்ளைகளின் மூச்சை அளக்கும் ஆய்வு. கேள்வி என்னுடையது, முறை என்னுடையது. ஊதினால் முள் நகரும் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. ஓடுவதற்கு முன்னும், பத்து நிமிடம் ஓடிய பின்னும் அதில் மும்மூன்று முறை ஊதச் சொல்லி, நல்லதை எடுத்துக்கொள்ள வேண்டும். மூச்சு எவ்வளவு குறைந்தது என்று சதவீதம் போட வேண்டும். பதினைந்துக்கு மேல் குறைந்தால் அந்தப் பிள்ளையை ஓட விடாமல் நெஞ்சு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மூன்று வாரம், காலை ஐந்தரைக்கு, காற்றில் கேஸ் வாடை அடிக்கும்போது, ஒவ்வொரு வாய்க்கும் குழாயை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து அளந்தேன்.

ஏழு பேர் பதினைந்தைத் தாண்டினார்கள். அதிலும் மோசமான எண் தாஹிராவுடையது. தண்டையார்ப்பேட்டைப் பெண், பதினேழு வயது, பட்டியலில் இருபத்தேழாம் வரி. ஓடுவதற்கு முன் 410. ஓடிய பின் 283. குறைவு முப்பத்தொரு சதவீதம்.

இந்தக் கட்டுரைக்குத்தான் கேட்டேன். ஆறுமுகநயினார் சார் கோபப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இங்க பாரும்மா. சமையக்காரர் பேரை யாராவது கல்யாணப் பத்திரிகையில போடுவாங்களா? நன்றியுரையில 'ஆய்வக உதவியாளர்களுக்கு நன்றி'ன்னு ஒரு வரி வரும். அதுல நீயும் இருக்கேல்லா?"

சரி சார் என்று சொல்லிவிட்டு என் நாற்காலிக்குத் திரும்பினேன். கால் ஆடுகிற நாற்காலி. கட்டுரையின் கோப்பைத் திறந்தேன். அட்டவணையில் ஆறு நெடுவரிசைகள்: எண், பெயர், வயது, முன், பின், குறைவு. கடைசி நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கச் சொன்னேன். பக்கத்தில் இருப்பவற்றையும் சேர்த்து அடுக்கவா என்று கணினி கேட்டது. வேண்டாம் என்றேன்.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான தவறு. அவசரத்தில் யாரும் செய்வார்கள். பெயர்கள் அப்படியே நிற்கும், சதவீதங்கள் மட்டும் இடம் மாறிவிடும். பட்டியல் பிள்ளைகள் சேர்ந்த தேதிப்படி எழுதியது; மோசமான ஏழு எண்களும் அதன் கடைசி ஏழு பெயர்களுக்குப் போயின. இருபத்தேழாம் வரிக்கு ஆறு வந்தது.

முன், பின் இரண்டு எண்களிலும் நான் கை வைக்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 410, 283, ஆறு சதவீதம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பார்த்தாலே இடிக்கும். பெயர் போட்டுக்கொள்கிறவர் ஒரே ஒரு வரியைக் கழித்துப் பார்த்திருந்தால் போதும். நான் எதையும் மறைக்கவில்லை. எல்லாம் அவர்கள் கண் முன்னால்தான் இருந்தது.

தவசிமுத்து கோச் மட்டும் ஒரு நிமிடம் யோசித்தார். "இன்னா சார் இது, கடைசியா சேந்த ஏழு பேருக்கும் தான் நெஞ்சு சரியில்லியா? அதெப்டி கரீக்டா?" என்றார். அவருக்குப் பட்டம் இல்லை. இடித்தது அவருக்குத்தான். ஆறுமுகநயினார் சார் அட்டவணையைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சிக் காலம் குறைவு, அதனால்தான் மூச்சு தாங்கவில்லை, இதுதான் நம் கண்டுபிடிப்பு என்றார். அன்றைக்கே ஒன்றரைப் பக்கம் எழுதினார். நான்கு ஆண்டுகளில் அவரே எழுதி நான் பார்த்த ஒன்றரைப் பக்கம் அதுதான்.

தொகுப்பு வெளியீட்டை ஒட்டி ஓர் ஓட்டம் ஏற்பாடாகியிருந்தது. விளையாட்டையும் சுற்றுலாவையும் இணைக்கிறோம் என்று பேனர் அடித்தார்கள். காலடிப்பேட்டையில் காலை ஆறரைக்குத் தொடங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை பத்து கிலோமீட்டர். அங்கே பந்தலில் பத்து மணிக்கு வெளியீடு. அட்டவணையைப் பார்த்து ஏழு பேரை ஓட்டத்திலிருந்து எடுத்தார் கோச். அறுபத்து நான்காம் வரி பெனிட்டோ மைதானத்திலேயே சட்டையைக் கழற்றி நெஞ்சைத் தட்டிக் காட்டினான்.

"கோச்சு, நேத்து கூட சைக்கிள முந்திகினு ஓடுனேன். நானா சீக்காளி? அந்தக்காவ கொழாய எட்த்துகினு வரச் சொல்லு, இன்னொரு தபா ஊதறேன்."

"அறிக்கைல போட்டாச்சுடா. போய் ஓரமா குந்து" என்றார் கோச்.

பெனிட்டோவின் உண்மையான எண் மூன்று. அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். அதனால் சும்மா இருந்தேன்.

என் திட்டம் சிறியது. பத்து மணிக் கூட்டத்தில், கேள்வி நேரத்தில் எழுந்திருப்பேன். ஐயா, இருபத்தேழாம் வரியைக் கொஞ்சம் பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள் என்பேன். எண்கள் மிகப் பெரிதாக இடித்த வரி அது. அவர் முழிப்பார். நான் போய்ச் சாக்பீஸை வாங்கிக் கழித்துக் காட்டுவேன். பிறகு இந்தக் கட்டுரை யாருடையது என்று நான் சொல்லவே வேண்டியிருக்காது. தாஹிராவும் முன்வரிசையில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஓட்டத்துக்கு நான்கு நாள் முன்பு அவள் ஆய்வகத்துக்கே வந்தாள். நான் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தேன். கேட்காமலே என் அப்பளத்தை எடுத்துக் கடித்தாள்.

"யக்கா, என் நம்பரு இன்னா வந்துச்சு? கோச்சு கழட்டி வுட்ட ஏழு பேருல நான் இல்ல. ஆனா எனக்கு இன்னான்னா, ஓடச்சொல்லோ நெஞ்சுல விசில் அடிக்குது. பிரஷர் குக்கர் மாரி. அம்மா வேற வேணாம்னு பேஜார் பண்ணுது. நீ சொன்னா அது கேக்கும். நீ படிச்ச பொண்ணுன்னு அதுக்கு உன் மேல ஒரு இது."

அட்டவணையில் ஆறு என்று இருக்கிறது என்றேன்.

"ஆறுன்னா நல்லதா?"

பதினைந்துக்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை என்பதுதான் விதி என்றேன்.

"அப்ப ஓட்லாம்" என்றாள். மிச்ச அப்பளத்தையும் எடுத்துக்கொண்டு போனாள்.

நான் அவளிடம் பொய் சொல்லவில்லை. அட்டவணையில் ஆறு என்றுதான் இருந்தது. விதியும் அதுதான். அன்றைக்கு முப்பத்தொன்று என்று சொல்லியிருந்தால் அவள் கோச்சிடம் ஓடியிருப்பாள், கோச் ஆறுமுகநயினார் சாரிடம் ஓடியிருப்பார், சார் அட்டவணையைச் சரிசெய்யச் சொல்லியிருப்பார். சரியான எண்களோடு, அவர் பெயரோடு, அழகாக அச்சாகியிருக்கும். மூன்று வாரம் நான் குழாய் துடைத்தது முழுவதும் அவருக்குப் போயிருக்கும். நான் கேட்டது நான்கு நாளும் மூன்றரை மணி நேரமும்தான். அவள் ஒன்றரை வருடமாக அந்த விசிலோடு ஓடிக்கொண்டிருந்தவள். இன்னும் ஒரு காலை ஓடமாட்டாளா என்று நினைத்தேன்.

எர்ணாவூர் தாண்டி விழுந்தாள். நான் அப்போது பந்தலில் தொகுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றையும் தொண்ணூற்று நான்காம் பக்கத்தில் திறந்து, அட்டவணை அச்சில் ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஒழுங்காக வந்திருந்தது. கோச்சின் போன் அடித்தது. அவர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. வெளியீட்டை ரத்து செய்தார்கள். என் கேள்வியை நான் கேட்கவே முடியவில்லை.

அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கௌசர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஓடாதடின்னேன். பெர்சிஸ் அக்காவே சொல்ட்ச்சும்மா, என் நம்பரு நல்லாகீதாம்னு கெளம்பிட்டா. நீயும் பாவம், உனக்கு இன்னா தெரியும், மிஷின் காட்றத தானே நீ சொல்லுவ" என்றார். எனக்கு டீ கொடுக்கச் சொன்னார். குடித்தேன்.

அதற்கு ஒரு வாரம் கழித்து ஆறுமுகநயினார் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். முதல்முறையாக. யாரோ கடைசியில் அந்த வரியைக் கழித்துப் பார்த்திருந்தார்கள்.

"நீ கேட்டியேம்மா, பேரு. திருத்தம் வெளியிடுதோம். அதுல உன் பேருதான் முதல் பேரு. என் பேரையே எடுத்துடுதேன். விசாரணையில ஒரு தாள் குடுப்பாங்க, கையெழுத்துப் போடு. தெரியாமப் பண்ணின பிழைக்குச் சின்னப் பொண்ணை யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

அந்தத் தாள்தான் இது. முன்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கட்டுரை ஆசிரியர் பெ. எபினேசர் பெர்சிஸ், தரவுகளை வரிசைப்படுத்தும்போது கவனக்குறைவால் ஏற்பட்ட பிழை. முதலெழுத்தைக்கூடத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். அதை விடுங்கள். என்னால் ஒப்புக்கொள்ள முடியாதது 'கவனக்குறைவு' என்ற சொல்.

மேடம், நான் கவனக்குறைவாக எதையும் செய்ததில்லை. அறுபத்து நான்கு பேரை மும்மூன்று முறை ஊதச் சொல்லி, அதில் நல்லதை எடுத்து எழுதியவள். கணினி கேட்டது. நான் படித்துப் பார்த்து, வேண்டாம் என்று சொன்னேன். முப்பத்தொன்று யாருடைய எண் என்று எனக்குத் தெரியும். அவள் என் முன்னால் நின்று கேட்டபோதும் தெரியும். ஆறரைக்கு விசில் ஊதி அவர்கள் கிளம்பியபோதும் தெரியும். தாஹிராவைக் கொன்றது பிழை அல்ல. நான். மூல அட்டவணை இந்தத் தாள்களுக்கு மேல் வைத்திருக்கும் பென் டிரைவில் இருக்கிறது. சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதில் ஓர் எண்கூடத் தப்பாக இருக்காது.

உங்கள் குழு மாடிப்படி ஏறும் சத்தம் கேட்கிறது. எதிர்ப்பக்கப் படியில் நான் இறங்கிப் போகிறேன். காவல் நிலையம் நடக்கிற தூரம்தான். அங்கே எழுதிக்கொள்கிறவரிடம் முதலெழுத்து எ., படிப்பு எம்.எஸ்சி. என்று நானே எழுத்துக் கூட்டிச் சொல்லுவேன்.

நாளைக் காலைப் பேப்பரை மறக்காமல் வாங்கி வைக்கும்படி அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.