வரவேற்க ஆளில்லாத விருந்தாளி

விழாவுக்குத் தலைமை தாங்கி, இவள் எப்போது முடிப்பாள் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் எங்கள் ஆய்வகத் தலைவர் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் மருத்துவப் பெருமக்களே! ஊசியைக் கண்டு ஓடும் பிள்ளைகளைப் பிடித்துவந்து உட்காரவைக்கும் தாய்மார்களே! புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்த ரத்தப் பரிசோதனைக்காரியின் பணிவான வணக்கம்.

ஸ்டீராய்டு ஹார்மோன் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். தூங்குகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம். குறட்டை மட்டும் மைக்கை எட்டக் கூடாது.

ஹார்மோன்களில் பல ரகம். இன்சுலின் போன்றவை செல்லின் வாசலில் நின்று கதவைத் தட்டிச் சேதி சொல்லும், உள்ளே வராது. ஸ்டீராய்டு ஹார்மோன் அப்படியா? கொழுப்பில் கரையும் குணம் அதற்கு. செல்லைச் சுற்றிய சவ்வோ கொழுப்பால் ஆனது. ஆகவே தட்டாது, தயங்காது, நேரே நுழைந்துவிடும். நுழைந்தால் போதுமா? போதாது! உள்ளே ஏற்பி என்றொரு புரதம் காத்திருக்க வேண்டும். வந்தவரைக் கைப்பிடித்து வாங்கிக்கொள்ள வேண்டும். இருவரும் சேர்ந்து டி.என்.ஏ.வில் தமக்கென்று உள்ள இடத்தில் அமர வேண்டும். அமர்ந்தால் உறங்கிய மரபணு விழிக்கும்; விழித்திருந்த மரபணு சில நேரம் உறங்கும். மரபணு விழித்தால் புரதம் பிறக்கும். புரதம் பிறந்தால் குரல் உடையும், மீசை முளைக்கும், எலும்பு இறுகும்! இத்தனையும் யாரால்? வந்தவராலா? வாங்கிக்கொண்டவராலா? இருவராலும்!

வாங்கிக்கொள்ள ஆளே இல்லையென்றால்? முன்வரிசையில் ஒரு டாக்டர் தலையாட்டுகிறார். உங்களுக்குத் தெரியும் டாக்டர்; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு பழக்கம். புது இயந்திரம் வந்தால் முதலில் எங்கள் ரத்தத்தையே கொடுத்துச் சோதிப்போம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆண்களிடம் மிகுந்திருக்கும் ஸ்டீராய்டு ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அளக்கும் இயந்திரம் ஒன்று வந்தது. என் பெயருக்கு நேரே ஆண்களுக்கு உரிய அளவு வந்து நின்றது. ஆய்வகமே சிரித்தது. அப்போது மேற்பார்வையாளராக இருந்தவர் இதே தலைவர் ஐயாதான்.

"டேய் மீசை! உன் ட்யூப்ல அவ பேரை ஒட்டிட்டியா?"

"சத்தியமா இல்ல சார், சரியாத்தான் ஒட்டினேன்!"

மீசை என்பது எங்கள் சக ஊழியரின் பட்டப்பெயர். அதோ, மூன்றாம் வரிசையில் நெளிகிறார். மறுபடி ரத்தம் எடுத்தார்கள், அதே அளவு. மெஷின் கோளாறு என்று கம்பெனிக்கே திருப்பி அனுப்பினார்கள். ஐயா, அந்த இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை!

சிரிக்காதவள் நான் ஒருத்திதான். பெரியவளாகவில்லையே என்று பதினாறு வயதில் என்னை மருத்துவரிடம் கூட்டிப்போயிருந்தார்கள். கருப்பை வளரவில்லை என்பதோடு அம்மா பேச்சை முடித்துவிட்டாள். இயந்திரம் அந்த அளவைக் காட்டிய அன்று மாலை வீட்டுக்குப் போய் அவளை விடாமல் கேட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"உனக்கு ஆம்பளைங்க குரோமோசோமாம். ஹார்மோனும் இருக்காம். ஆனா உடம்பு அதை எடுத்துக்கலையாம். அதான் பொண்ணாவே வளர்ந்தியாம். அன்னைக்கே சொல்லியிருந்தா தாங்கியிருப்பியாடி?"

"தனியா தாங்கினதைவிட நல்லாத் தாங்கியிருப்பேம்மா."

அதன்பின் எனக்குச் சிகிச்சை பார்க்கும் டாக்டரைத் தவிர நானும் யாரிடமும் சொல்லவில்லை. வந்த வரன்களை மறுத்தேன். திமிர் பிடித்தவள் என்றார்கள். சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைப் பேச்சு வந்தால் டப்பா கழுவ எழுந்துபோவேன். கழுவிய டப்பாவையே திரும்பக் கழுவியிருக்கிறேன். என் உடம்பில் அந்த ஹார்மோன் செல் செல்லாக நுழைந்தது, வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் திரிந்தது. நானும் அப்படித்தான் திரிந்தேன், தோழர்களே! இத்தனை பேர் நடுவே, இத்தனை காலம், தனியாக!

அண்மையில் ஒரு பள்ளி மாணவியின் ரத்தம் வந்தது. அவளும் அவள் அம்மாவும் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். அதே மாதிரி அளவு.

"அக்கா, ட்யூப் மாறிடுச்சு போல. வேற ட்யூப் கேக்கட்டுமா?" என்றாள் எங்கள் புதுத் தங்கை.

"கேளு. ஆனா ட்யூப் மாறியிருக்காது. டாக்டருக்கு இப்பவே சொல்லிடு."

டாக்டர் எல்லாம் விளக்கியும் தாய், "பொண்ணுக்கு மட்டும் தெரிய வேணாங்க" என்று கெஞ்சினார். எனக்கும் சிகிச்சை பார்ப்பவர் அதே டாக்டர்தான். "நீங்க பேசிப் பாக்குறீங்களா?" என்று என்னைக் கேட்டார். போய் அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்கும் இதேதாங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க நல்லா இருக்கீங்களா?"

"உடம்பு நல்லா இருக்குங்க. மனசு விட்டுப் பேசத்தான் ஆளில்லாம போச்சு. அவளை அப்படி விட்டுடாதீங்க."

முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். டாக்டரின் அறையில், என்னைப் பற்றியும் சேர்த்து, அவரே மகளிடம் சொன்னார். வெளியே வந்த பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"அக்கா, அப்ப நாம ரெண்டு பேரா?"

அவைப் பெரியோர்களே! அப்படி என்னை யாரும் எண்ணியதில்லை. நானும் எண்ணியதில்லை.

தம்பி தங்கைகளே! இப்படி ஓர் அளவு வந்தால் மறுபடி சோதியுங்கள். மறுபடியும் வந்தால் சிரித்துக் கடக்காதீர்கள். அந்த எண்ணுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் காத்திருக்கிறாள்! தாய்மார்களே! அவளிடம் மறைக்காதீர்கள், அவள் உடம்பின் சேதி அவளுக்குத்தான் முதலில் சொந்தம்! எங்களைப் போன்றவர் இந்த அரங்கிலும் இருக்கலாம். கை தூக்க வேண்டாம், எழுந்து நிற்க வேண்டாம். ரத்தம் எடுக்கும் அறையில் ஜன்னலோரம் நான்தான் இருப்பேன். பேசப் பிடிக்காவிட்டாலும் வாருங்கள், சும்மா உட்கார்ந்திருப்போம்.

இதுவரை இதை இத்தனை பேரிடம் சொன்னதில்லை. வாங்கிக்கொண்டீர்கள். நன்றி, வணக்கம்.