கீழ்த்தளத்துக்கு ஒரு கையேடு

எங்கள் சங்கத்தின் அத்தனை சண்டைகளையும் ஆற அமரக் கேட்டு, ஆண்டுக்கணக்காய் அலுக்காமல் அமர்ந்திருக்கும் அவைத்தலைவர் அவர்களே! நிரல் எழுதியே நரை கண்ட நிர்வாகக் குழுவின் மூத்தோர்களே! விடுமுறை நாளிலும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! யாரும் கேட்காமலே ஊருக்கெல்லாம் உழைக்கும் தன்னார்வத் தோழர்களே! நாற்காலி கிடைக்காமல் கதவோரம் கால் மாற்றி நிற்கும் நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் என் களைத்த வணக்கம்.

ஆம், களைத்த வணக்கம் என்றுதான் சொன்னேன். பதினோரு ஆண்டுகள் ஒரே மென்பொருளுக்குக் கையேடு எழுதியவனிடம் வேறு எந்த வணக்கம் மிச்சமிருக்கும்? ஒரு பொத்தானை இடம் மாற்றுவார்கள், நான் ஒரு பக்கத்தை மாற்றுவேன். மறுபடி மாற்றுவார்கள், மறுபடி மாற்றுவேன். சிரிக்கிற நிரலாளர்களே, உங்களைத்தான் சொல்கிறேன்!

அழைப்பிதழைப் பார்த்தேன். ‘இணையம் இல்லாமலே திறக்கும் மின்நூல் கையேடு வெளியீடு, உருவாக்கியவருக்குப் பாராட்டு’ என்று அச்சிட்டு, எனக்கு மூன்று அடைமொழிகள் கொடுத்திருக்கிறீர்கள். என் மனைவி படித்துவிட்டு, “யாருங்க இவரு? நம்ம வீட்டுக்கெல்லாம் வருவாரா?” என்று கேட்டாள். தட்டுங்கள், அவளுக்குத் தாராளமாகத் தட்டுங்கள். எனக்குத் தட்டுவதற்கு முன்னால், நடந்த ஒன்றைக் கேட்டுவிட்டுத் தட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். மருத்துவமனையில் ரத்தம் எடுக்கிறார்கள் அல்லவா? அந்தக் குழாயில் ஒரு எண் ஒட்டுகிறார்கள் அல்லவா? அந்த எண்ணைக் கொடுப்பதும், அது இன்னாருடைய ரத்தம் என்று நினைவில் வைத்திருப்பதும் எங்கள் மென்பொருள். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம், யாரும் பகிரலாம். கட்டற்ற மென்பொருள் என்று மார்தட்டுகிறோமே, அதுதான் இது.

ஒரு மருத்துவமனையில் ஆய்வகம் தரைக்குக் கீழே இருக்கிறது. கனத்த சுவர்கள், ஜன்னல் கிடையாது, கைபேசியில் ஒரு கோடுகூட வராது. அங்குள்ள கணினிகள் தங்களுக்குள் பேசும், வெளியுலகத்தோடு பேசாது. பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அங்கே பதினான்கு ஆண்டுகளாக ரத்தப் பரிசோதனை செய்தவர் ஓர் அம்மையார். மேலிருந்து கீழ்வரை எல்லாருக்கும் அவர் ‘லேப் அக்கா’.

மென்பொருளில் ஒரு சந்தேகம் வந்தால் லேப் அக்கா என்ன செய்வார் தெரியுமா? கையுறையைக் கழற்றுவார். கை கழுவுவார். நாற்பத்து நான்கு படி ஏறுவார். மருந்து கொடுக்கும் அறைக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் நின்று, கைபேசியில் நம் வலைத்தளத்தைத் திறப்பார். நான் எழுதி வைத்ததை, கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து அதில் எழுதிக்கொள்வார். நாற்பத்து நான்கு படி இறங்குவார். ஒரு வரி விட்டுப்போயிருந்தால்? மறுபடி நாற்பத்து நான்கு! முழங்கால் யாருடையது? அவருடையது. கையேடு யாருடையது? என்னுடையது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் கோரிக்கைப் பட்டியலில் ‘கீழ்த்தளம்’ என்ற புனைபெயரில் ஒரு கோரிக்கை வந்தது. “கையேட்டை ஒரே கோப்பா, நெட் இல்லாம படிக்கிற மாதிரி குடுங்க. எங்ககிட்ட இருக்கிற பதிப்புக்கு உள்ளது மட்டும் போதும்.” அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். நான் பதில் எழுதினேன்: ‘கையேடு இணையத்தில் எப்போதும் புதுப்பித்த நிலையில் உள்ளது. அங்கேயே பார்க்கவும்.’ எழுதிவிட்டுக் கோரிக்கையை மூடினேன். மூடிவிட்டுத் தேநீர் குடித்தேன். எப்போதும் புதுப்பித்த நிலையில்! அதில் எனக்கு அவ்வளவு பெருமை ஐயா, அவ்வளவு பெருமை.

போன மாதம் புதிய பதிப்பை வெளியிட்டோம். அன்றைக்கே பக்கங்களை மாற்றினேன். மென்பொருளின் பொத்தான்களில் எழுத்து கிடையாது, படம் மட்டும்தான். அதனால், ‘எண் அச்சாகாமல் நின்றுவிட்டால் இடமிருந்து மூன்றாவது பொத்தானை அழுத்துக, உறுதியா என்று கேட்கும், ஆம் என்க’ என்று எழுதினேன். புதிய பதிப்பில் மூன்றாவது பொத்தான் மறுபடி அச்சிடும். பழைய பதிப்பில் மூன்றாவது பொத்தான் அன்றைய பட்டியலை அழித்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்கும். கீழ்த்தளத்தில் இருந்தது பழைய பதிப்பு.

ஒரு காலைவேளை. கூட்டம் நெரிகிறது. எண் அச்சாகாமல் நிற்கிறது. லேப் அக்கா ஏறினார், படித்தார், அட்டையில் எழுதினார், இறங்கினார், அழுத்தினார். உறுதியா என்று கேட்டது. ஆம் என்றார். நான்தானே சொன்னேன், ஆம் என்று சொல்லச் சொல்லி!

பின்வரிசையில் யாரோ கேட்கிறீர்கள், “பதிப்பு எண்ணைப் பார்த்திருக்கலாமே?” என்று. நல்ல கேள்வி தம்பி, உட்காருங்கள். எங்கள் குழுவும் அதையேதான் கேட்டது. பதிப்பு எண் பக்கத்தின் அடியில் இருந்தது. சாம்பல் நிறத்தில், எறும்பு எழுத்தில். அங்கே வைத்தவனும் நான்தான்.

பதினேழாம் எண்ணில் இரண்டாவதாக ஒரு குழாய் கைக்கு வந்ததும் லேப் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஒரே எண்ணில் இரண்டு மனிதர்கள்! ஓர் அறிக்கையைக்கூட வெளியே விடவில்லை. ஒவ்வொரு வார்டாகத் தானே ஏறிப் போய்ச் சொன்னார். அறுபத்தோரு பேருக்கு மறுபடி ஊசி. ஒரு தாய் கைக்குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “இன்னொரு தடவ குத்த விடமாட்டேன்” என்று அழுதாராம். லேப் அக்கா அந்தத் தாயின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாராம்.

யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஏன் இல்லை? நம் மென்பொருளாலா? என் கையேட்டாலா? அந்த அம்மையாரின் கண்ணால்! அந்தக் கண்ணுக்குக் கிடைத்த பரிசு என்ன? ‘ஊழியரின் கவனக்குறைவு’ என்று ஒரு தாள். ஆய்வகத்திலிருந்து எடுத்துப் பழைய கோப்புகள் வைக்கும் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். வரும் புதன்கிழமை விசாரணை. வேலை நிலைக்குமா போகுமா என்பது அன்றைக்குத் தெரியும்.

நான் போய்ப் பார்த்தேன். கையேடு எழுதியவன் நான்தான் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நாற்காலியில் இருந்த கோப்புகளை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, “உக்காருங்க சார்” என்றார். “மூணு வருசத்துக்கு முன்னாடி நான்தான் கேட்டேன், ஒரே கோப்பா குடுங்கன்னு. உங்களுக்கு ஞாபகம் இருக்காது.”

“ஞாபகம் இருக்கும்மா. மறுபடி ஏன் கேக்கல?” என்றேன்.

“நீங்க பிஸியா இருப்பீங்கன்னு நெனச்சேன் சார்.”

தோழர்களே, அன்றிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். பதிப்புக்கு ஒரு நூல், முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் பதிப்பு எண், ஒவ்வொரு பொத்தானுக்கும் அதன் படம். எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா? ஒன்பது நாள்! மூன்று ஆண்டு மறுத்தவனும் நான், ஒன்பது நாளில் முடித்தவனும் நான். இதற்கா பாராட்டு? இதற்கா மூன்று அடைமொழி?

மணி அடிக்கிறீர்கள் தலைவரே, கேட்கிறது. இன்னும் கொஞ்சம் பொறுங்கள், கசப்பான பகுதி இனிமேல்தான்.

மருத்துவமனை நம் சங்கத்திடம் விளக்கம் கேட்டிருக்கிறது. நம் குழு எழுதி வைத்திருக்கும் பதில் இது: ‘மென்பொருளில் பிழை ஏதும் இல்லை. பயனர் தம்மிடம் உள்ள பதிப்புக்குப் பொருந்தாத பக்கத்தைப் பின்பற்றியுள்ளார்.’ ஒவ்வொரு சொல்லும் உண்மை. சேர்த்துப் படித்தால் பொய். நான் எதிர்த்தேன். சங்கத்தின் பெயர் கெட்டுவிடும் என்றார்கள். ஐயா, அடுத்தவர் தலையில் பழியைப் போட்டுக் காப்பாற்றும் பெயர் நமக்கு எதற்கு? திறந்த மூலம் என்கிறோம், திறந்த நிரல் என்கிறோம். நம் தவறு மட்டும் பூட்டிய பெட்டியிலா இருக்க வேண்டும்?

இந்த விழாவுக்கு லேப் அக்காவை அழைத்தேன். வரவில்லை. தொலைபேசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: “அந்தப் புத்தகத்த மட்டும் அனுப்புங்க சார். கீழ இப்ப ஒரு புதுப் பொண்ணு தனியா நிக்குது. எங்க பழைய பதிப்புக்குள்ளதா பாத்து அனுப்புங்க.” தன் வேலை ஊசலாடும்போது, தன் இடத்தில் நிற்பவளுக்காகக் கேட்கிறார்! பென்டிரைவில் போட்டு அனுப்பிவிட்டேன். நேற்று அந்தப் பெண் கீழ்த்தளத்துக் கணினியில் திறந்து பார்த்ததாகச் செய்தி வந்தது.

லேப் அக்கா கேட்டது கொடுத்தாயிற்று. கேட்காதது ஒன்று பாக்கி. என் சட்டைப்பையிலிருந்து எடுக்கிறேன், கேளுங்கள்: ‘நீங்கள் விசாரிக்கும் ஊழியர் எங்கள் கையேட்டில் உள்ளபடியே செய்தார். அந்தக் கையேடு அவரிடம் இருந்த பதிப்புக்குத் தவறானது. அதைத் தவிர்க்கும் வழியை அவரே மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்களுக்குச் சொன்னார்; நாங்கள் கேட்கவில்லை.’

அடியில் ஒரு கையெழுத்து இருக்கிறது, என்னுடையது. ஒற்றை ஆளின் கையெழுத்தை விசாரணையில் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். இந்த அரங்கின் கையெழுத்தைத் தள்ள முடியாது. என்னைக் கௌரவிக்க வந்தவர்களே, கைதட்டிய கையை ஒருமுறை இந்தத் தாளில் வையுங்கள். குழுவின் மூத்தோர்களே, உங்களைக் கட்டாயப்படுத்தும் தெம்பு எனக்கு இல்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், பிள்ளைகளை அழவிடாமல் பார்த்துக்கொண்ட தாய்மார்களுக்கும், ஒலிபெருக்கி கட்டிய தோழருக்கும் என் நன்றி. தாளை இந்த மேசையில் விரித்து வைக்கிறேன். விசாரணை புதன்கிழமை காலை பத்து மணிக்கு, அதே கீழ்த்தளத்தில்; அதுவரை என்னிடம்தான் இருக்கும். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் அதை எடுத்துக்கொண்டு அந்தப் படியில் நான் இறங்குவேன். வணக்கம்.