ஃபில்டர் மூடி

— சத்தம் போடாம திருப்பு ஃபினியாசி. ஞாயித்துக்கிழமை அதுவுமா வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு இரும்பைத் தட்டினா ஊரே கேக்கும். இன்னிக்கு வேலை செய்யறது சட்டப்படியே குத்தம்.

— தட்டலை லூபே. இடுப்பு பெல்ட்டை மூடியில சுத்தித்தான் திருப்பறேன், சறுக்குது. இரு, இரு. பிளாஸ்டிக் மூடி, அவசரப்பட்டா போச்சு. ஜப்பான்ல எவனோ ராட்சசன் முறுக்கி அனுப்பியிருக்கான்.

— நேத்தே கழட்டுன்னு சொன்னேன். நீ போய் அந்த வேர்ச் சாறு கவா குடிக்க உக்காந்துட்ட.

— பாதிரியார் கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா?

— இப்ப போலீஸ்காரன் பொண்டாட்டி வேலிகிட்ட நின்னு கேட்டுட்டுப் போறா, உங்க வீட்டுக்காரர் சர்ச்சுக்குக் கிளம்பலையான்னு. குளிக்கிறார்னு சொன்னேன்.

— குளிக்கத்தான் செய்யறேன். எண்ணெயில.

— சிரிக்காத. ஆராதனை முடிஞ்சதும் உங்க அத்தை சாப்பாட்டுக்கு வருவா. சாப்பிட்டுக் கையைத் துடைச்சுக்கிட்டே கார் சாவியைக் கேப்பா. நீ இல்லைன்னு சொல்லிடுவியா?

— எங்க அப்பாவோட அக்கா அவ. எங்க அப்பாவே அவ முன்னாடி குரலை உசத்த மாட்டார். அவ வாயில இருந்து வந்துட்டா குடுக்கணும். அதுக்கு மேல பேச்சில்லை.

— தெரியும், தெரியும். பெரிய பன்னியைக் கேட்டா, குடுத்தோம். எங்கம்மா முடைஞ்சு குடுத்த கல்யாணப் பாயைக் கேட்டா. நான் வாயைத் தொறந்தேனா? ஆனா இந்தக் கார் உன் முதுகெலும்பு ஃபினியாசி. ஆஸ்திரேலியாவுல ஆரஞ்சு மரத்துல ஏணி போட்டு நின்னு நின்னு பழம் பறிச்சு சம்பாதிச்சது. நாளைக்கு டாக்ஸியா ஓடணும். ஓடலைன்னா நீ திரும்ப அங்க போகணும். நான் திரும்ப தனியாக் கிடக்கணும்.

— அதுக்குத்தானே இந்த மூடி. பேட்டரியைக் கழட்டினா அவ மகன் வேற பேட்டரி தூக்கிட்டு வந்துருவான். சக்கரத்தைக் கழட்டினா சக்கரத்தோட வருவான். இந்த மூடி இந்தத் தீவுல எந்தக் கடையிலயும் கிடையாது, கப்பல்லதான் வரணும். இது இல்லாம சாவி போட்டா எஞ்சின்ல இருக்கற எண்ணெய் பூரா மண்ணுக்கு.

— உடைஞ்சிருச்சுன்னு சொல்லிடலாம்.

— நீ சொல்லு. கர்த்தரோட நாள்ல என் வாயில பொய் வராது.

— கழட்டறதுக்கு மட்டும் கை கூசலையாக்கும்.

— இரு, இரு. அசையுது. தட்டை இந்தப் பக்கம் தள்ளு! ஐயோ, கழுத்துக்குள்ள போகுது.

— வந்துருச்சா? குடு. இந்தக் காகிதம்தான் ஃபில்டரா?

— ஆமா. அதோட நடுவுல ஓட்டை ஓட்டையா ஒரு குழாய் இருக்கும். அதைக் காகிதத்தோட சேத்துத் தூரப் போட்டுடாத. பாதிப் பேர் அப்படித்தான் எஞ்சினைக் கொன்னுடறாங்க. குழாய் இல்லைன்னா காகிதம் அமுங்கிப் போயி எண்ணெயே ஏறாது.

— எல்லாத்தையும் அழுக்குத் துணிக்குள்ள சொருகிடறேன். அங்க யாரும் கை விட மாட்டாங்க. ஃபினியாசி...

— என்ன?

— வேன் ஒண்ணு நிக்குது. உங்க அத்தையை இறக்கி விட்டுட்டுப் போகுது.

— இப்பவேவா? இன்னும் ஆராதனையே ஆரம்பிக்கலையே!

— வெளிய வா. சீக்கிரம்.

— எங்கடா என் மருமகன்? காலு மட்டும் தெரியுது, தலையை எங்க வெச்ச?

— வாங்க அத்தை. இதோ... வந்துட்டேன்.

— உங்க சர்ச்சுலயே பாடிட்டுப் போலாம்னு வந்தேன். இதென்னடா கோலம்? இன்னிக்கு ஞாயித்துக்கிழமைன்னு ஆஸ்திரேலியாக்காரன் மறக்கடிச்சுட்டானா?

— அவர் ஒண்ணும் வேலை செய்யலை அத்தை, சும்மா குனிஞ்சு பாத்தார். கார் போச்சு. எண்ணெய் ஃபில்டரோட மூடி உடைஞ்சிருச்சு.

— அடப் பாவமே. ஓடாதா லூபே?

— ஒரு அடி நகராது. மூடி கப்பல்ல வரணும்.

— இன்னிக்குன்னு பாத்து உடையணுமா. சரி, கர்த்தருக்குத் தெரியும். நம்ம குட்டிப் பொண்ணு லெசியெலி எங்க?

— உள்ள தூங்கறா அத்தை.

— பால் மறந்துட்டாளா?

— மறந்துட்டா. ஏன் அத்தை?

— உக்காரும்மா. நீயும் உக்காருடா, நின்னுக்கிட்டுக் கேக்கற சேதி இல்லை. ஆக்லாந்துல என் மக வேய்ங்கா இருக்காளே, இனிமே அவளுக்குக் குழந்தை தங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். தினம் போன்ல அழறா. பெத்த வயிறு கேக்குமா? அழாதடி, என் தம்பி மகன் வீட்டுல நம்ம பொண்ணு ஒண்ணு இருக்கு, நான் கேக்கறேன்னு சொல்லிட்டேன்.

— கேக்கறேன்னா... என்ன அத்தை?

— லெசியெலி அவகிட்ட வளரட்டும். நல்ல ஸ்கூல், தனி அறை. உனக்கு அடுத்தது பொறக்காமலா போயிடும்? பேரு வெச்சவ நான், கேட்டியா. என் மடியில வெச்சுத்தான் மொதமொதல்ல முடி எடுத்தீங்க. நான் கேக்காம வேற யாரு கேக்கறது?

— அவளுக்கு இருமல் இருக்கு அத்தை.

— ஆக்லாந்துல டாக்டருக்கா பஞ்சம்?

— அத்தை, கார்...

— கார்தான் உடைஞ்சிருச்சே.

— இல்ல அத்தை, சரி பண்ணிப் பாக்கலாம். பாக்கலாம்ல லூபே? காரை நீங்களே வெச்சுக்கங்க. இன்னிக்கு ஒரு நாளைக்கு இல்லை. உங்களுக்கேதான்.

— எனக்கேவா? நீ என்னம்மா சொல்ற?

— எடுத்துக்கங்க அத்தை. காரை எடுத்துக்கங்க.

— கேட்டியா, இதுதான் என் தம்பி ரத்தம். சரி, ஆகட்டும். நான் இந்தப் பலா மர நிழல்ல இருக்கேன். சீக்கிரம் முடி.

— ஃபினியாசி, பொண்ணைக் குடுக்க முடியாதுன்னு சொல்லிடு. வாயைத் தொறந்து ஒரு தடவை சொல்லு.

— என்னால முடியாது லூபே. எங்க அப்பா செத்துருவார். மெதுவாப் பேசு. குழாயைக் குடு.

— இந்தா. காகிதம் வேற புதுசு இருக்கா?

— இதே போதும். குழாயை உள்ள விடு, நேரா நிக்கட்டும். ரப்பர் வளையம் எங்க?

— எந்த வளையம்?

— மூடியைச் சுத்திக் கறுப்பா இருக்குமே! அது இல்லாம மாட்டினா கொட்டிரும்.

— இரு... துணியில ஒட்டிக்கிட்டிருக்கு. இந்தா.

— மேல் பள்ளத்துல மாட்டு. அது இல்லை, அது மூடியைத் திருகற மரை. அதுக்கு மேல. முறுக்கிக்காம ஒக்கார வை. ஒரு சொட்டு எண்ணெய் தடவு. காஞ்ச வளையம் கிழிஞ்சா வீதி முனை தாண்டாது.

— ஆகட்டும்னுதானே சொன்னா? பொண்ணுக்குப் பதிலா காருக்குச் சம்மதம்னுதானே அர்த்தம்?

— வேற என்ன அர்த்தம்? கையாலயே ஏறிடுச்சு பாரு. இப்ப பெல்ட்.

— ரொம்ப இறுக்காத, நிஜமாவே உடைஞ்சிடப் போகுது.

— இன்னும் ஒரு இழுப்பு. போதும். தட்டுல இருக்கற எண்ணெயை வெள்ளைத் துணியில வடிகட்டி மேல ஊத்து.

— என்னடா, உடைஞ்ச மூடி அதுக்குள்ள கூடிக்கிச்சா? கர்த்தர் பெரியவர். சர்ச்சுல ரெண்டாவது மணி அடிக்கப் போறான்.

— இதோ அத்தை. லூபே, நீ கீழ குனிஞ்சு பாரு. சாவி போடறேன்.

— போடு.

— எண்ணெய்ச் சிவப்பு விளக்கு எரியுது... இன்னும் எரியுது... அணைஞ்சிருச்சு. கீழ?

— சொட்டலை. துணி வெச்சுத் துடைச்சுப் பாத்துட்டேன். ஒரு பொட்டு இல்லை.

— ஓடுது அத்தை. நல்லா ஓடுது. இந்தாங்க சாவி.

— எனக்கு எங்கடா ஓட்டத் தெரியும், நீயே வந்து விட்டுட்டு வா. லூபே, உள்ள போய் லெசியெலியை எழுப்பி நல்ல சட்டையாப் போடும்மா. பஸ்ஸில்லாத நாள்ல குழந்தையை எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு கவலைப்பட்டுக்கிட்டேதான் வந்தேன்.