விட்டுப்போன ஒரு பட்டியல்

விளக்கு அணைந்தபடியே இருக்கட்டும். கிட்டே வந்து உட்காருங்கள். கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவருக்குத் தைரியம் ஜாஸ்தி, அவர் அங்கேயே இருக்கலாம். இது என் சிநேகிதனின் அத்தானுக்கு நடந்தது. கேட்டுக் கேட்டு எனக்கும் அவர் அத்தான்தான்.

இரவு இரண்டே கால் மணி. ஆஸ்பத்திரியின் பின்பக்கச் சாலை... ஒரு நாய்கூட இல்லை. அத்தான் சைக்கிளில் வருகிறார். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்கள் அவர் பொறுப்பு. நோயாளிகளின் விவரமெல்லாம் டேட்டாபேஸில் பட்டியல் பட்டியலாக இருக்கும். கூட்டமில்லாத அந்த நேரத்தில் அத்தனையையும் ஒரே கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து வேறு டிஸ்க்கில் வைக்க வேண்டும். மூலம் போனாலும் நகல் இருக்குமே, அதற்காக.

அதில் ஒரு பட்டியலுக்குப் பெயர் 'ஆகாத மருந்து'. யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்ற விவரம். பழைய சீட்டுகளின் படங்களும் அதில் இருந்ததால் அது ஒன்றே நாற்பது நிமிஷம் இழுக்கும். அத்தானுக்கோ தூக்கம் கண்ணைச் சொக்கும். ஒரு நாள், அதை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கட்டளையில் ஒரு வரி சேர்த்தார். நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றுதான். அந்த நாளை பதினோரு மாதம் வரவில்லை. பதிவேட்டில் மட்டும் 'முழு பேக்கப் எடுக்கப்பட்டது' என்று தினமும் கையெழுத்து.

பிறகு மூல டிஸ்க் மண்டையைப் போட்டது. அத்தான் நகலிலிருந்து எல்லாவற்றையும் திருப்பி ஏற்றினார். 'ஆகாத மருந்து' மட்டும் காலி. காலியாக இருந்தால் திரை என்ன காட்டும் தெரியுமா? 'எதுவும் இல்லை.' சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். அதற்குள் பெரிய டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டார்.

மறுநாளே தொண்டை வலி என்று, வழக்கமாக அங்கே வரும் ஒரு டீச்சர் வந்தார். குரல் சுத்தமாகக் கட்டிப்போயிருந்தது. நர்ஸ் திரையைப் பார்த்தாள்... எதுவும் இல்லை. ஊசி போட்டாள். ஐந்தே நிமிஷம். பிரிண்டர் பழுது பார்க்க வந்த அத்தான் கட்டிலின் காலடியில் நின்றுகொண்டிருந்தார். டீச்சர் கழுத்தைப் பிடித்தபடி அவரையே பார்த்தார். மூச்சு... கீச் கீச்சென்று... பிறகு அதுவும் இல்லை. கைப்பையில் சீட்டு இருந்தது, அந்த ஊசி ஆகாது என்று.

"பையைப் பாக்காம எப்படிம்மா போட்ட?" என்று பெரிய டாக்டர் கத்தினார்.

"ஸ்கிரீன்ல இல்ல சார். சத்தியமா இல்ல," என்று அழுதாள் நர்ஸ்.

அத்தான் குனிந்த தலை நிமிராமல் பிரிண்டரில் காகிதம் அடுக்கினார். அவள் வேலை போயிற்று. அன்றிரவே கட்டளையில் சேர்த்திருந்த அந்த வரியை அத்தான் சத்தமில்லாமல் நீக்கிவிட்டார். பாவி, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

ஒரு வாரம் போனது. இரவு, எக்ஸ்போர்ட் ஓடுகிறது. ஏசியின் இரைச்சல் சட்டென்று நின்றது... ஸ்பிரிட் வாசனை. 'ஆகாத மருந்து' பட்டியலில், காலியான பிறகு புதிதாக எழுதியவை அறுபத்திரண்டு. திரை அறுபத்துமூன்று என்றது. கோப்பைத் திறந்தார். கடைசி வரியில் அவருடைய பாப்பாவின் பெயர். மருந்தின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமை. டேட்டாபேஸில் தேடினால் அப்படி ஒரு வரியே இல்லை. நகலில் மட்டும்தான்.

பாப்பாவுக்கு ஏதோ ஒன்று ஆகாது. எது? அன்றிலிருந்து வீட்டில் குழந்தைக்கு ஒரு மாத்திரை கிடையாது. தினமும் நகலைப் பார்ப்பார், வெறுமைதான். ஒருநாள் மனசு உறுத்தி, 'அந்தப் பட்டியலை விட்டது நான்தான்' என்று பெரிய டாக்டருக்கு ஒரு வரி எழுதினார். அன்றைய நகலில், வெற்றிடத்தில்... ஒரே ஓர் எழுத்து. ஜெயில் ஞாபகம் வந்தது. காகிதத்தைக் கிழித்தார். மறுநாள் அந்த எழுத்தும் இல்லை.

அப்புறம் ஓர் இரவு, வேலையில் இருக்கும்போது வீட்டிலிருந்து அவர் மனைவி, சிநேகிதனின் அக்கா, போன் செய்தாள்.

"நூத்தி மூணு டிகிரி. அனலா கொதிக்குது. எத்தனை நாள்தான் உங்க பேச்சைக் கேக்கறது? இருக்கிற சிரப்பைக் குடுக்கப் போறேன்."

வைத்துவிட்டாள். திரும்பத் திரும்ப அழைத்தார். எடுக்கவில்லை. பேனாவை எடுத்தார். பதினோரு மாதம், பொய்க் கையெழுத்து, நர்ஸ்... எல்லாவற்றையும் எழுதினார். கையெழுத்துப் போட்டார். பெரிய டாக்டர் அறைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டார். நர்ஸ் வேலைக்குத் திரும்பியதும் அத்தான் கோர்ட்டு ஏறியதும் பின்னால் நடந்தவை.

ஓடி வந்து எக்ஸ்போர்ட் செய்தார். வெற்றிடம் நிறைந்திருந்தது. வீட்டில் இருந்த அதே சிரப்.

இந்த முறை அக்கா எடுத்தாள்.

"குடுத்துட்டியா?"

"எங்க குடுக்க? அரை மணியா போராடுறேன், வாயே திறக்கல. இப்பதான் திறந்தா. யாரோ ஒரு ஆன்ட்டி வாயைப் பொத்திக்கிட்டே இருந்தாங்களாம், இப்பதான் எழுந்து போனாங்களாம். ஜுரத்துல உளறுறா..."

அக்கா விளக்கைப் போடும் சத்தம் கேட்டது.

"என்னங்க... பாப்பா கன்னத்துல நாலு விரல் தடம் இருக்கு. வெள்ளையா... சாக்பீஸ் பொடி."