அய்யாவு தோள்மேல மூணு நட்சத்திரம்

ஆபீசர்னா சொன்னான்? அய்யாவுவா? இருங்கண்ணா, சிரிச்சு முடிச்சுக்கறேன். நீங்க டீயக் குடிங்க, ஆறுது.

பொண்ணு குடுக்கறவன் எப்படின்னு முதலாளிகிட்டயே விசாரிக்க ஹனூர்ல இருந்து பஸ் ஏறி வந்தீங்க பாருங்க, அது புத்தி. இப்ப கேட்ல சல்யூட் அடிச்சு உங்களை உள்ள விட்டான்ல, அவ்வளவுதான் அவன் உத்தியோகம். நான் நடத்தறது செக்யூரிட்டி கம்பெனி. அவன் வாட்ச்மேன்.

நல்லதா ஒரு வார்த்தை சொல்லுங்க முதலாளின்னு நேத்தே கெஞ்சினான். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லீங்க.

அவன் தோள்மேல மினுங்கற அந்த நட்சத்திரமா? இன்சிக்னியாம்பாங்க இங்கிலீஷ்ல. மஸ்கட்ல தனியா கெடந்தப்ப எனக்கு டிக்‌ஷனரிதான் துணை. லத்தீன்ல இருந்து வந்த வார்த்தை. சிக்னம்னா குறி. கூட்டத்துல ஒருத்தன மட்டும் பிரிச்சுக் காட்டற அடையாளம். ராஜாவுக்குக் கிரீடம், பட்டாளத்துக்காரனுக்குத் தோள்பட்டை. யோசிச்சா, போட்டிருக்கறவன்கிட்ட ஒண்ணும் இல்ல. பாக்கறவன் பயத்துலதான் அது மினுங்குது.

இங்க மண்டி மொஹல்லா பஜார்ல நாடக சாமான் விக்கற கடைல நாந்தான் வாங்கினேன். கால் வலிக்குது, ஒரு ஸ்டூல் போடுங்கன்னான். ஸ்டூல் போட்டா தூங்குவான். நட்சத்திரத்தக் குத்தி விட்டேன். அன்னையிலருந்து உக்காரவே இல்லையே! ஆபீசர் உக்காருவாரா?

உங்க பக்கம் காடெல்லாம் அதிரடிப்படை சுத்துது. காக்கியும் நட்சத்திரமும் கண்டா எந்திரிச்சு நிக்கறீங்க. அதோடயே உங்க ஊருக்கு வந்தான், நீங்களும் சம்பந்தம் பேசிட்டீங்க. உங்க தப்பில்ல.

கூப்பிட்டுக் கேக்கறதா? எதுக்கு? கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிக்கறான். எல்லாம் காதுல விழுந்திருக்கும். விழட்டும்.

சரசுவா? அய்யாவு மக தங்கமான பொண்ணு, அவளை ஒரு குறை சொல்ல மாட்டேன். ஆனா உங்க உதயகுமாருக்குக் கரண்ட் ஆபீஸ் வேலை. உன் மாமனார் என்ன பண்றார்னு கூட வேலை செய்யறவன் கேட்டா, கேட் தொறக்கறார்னா சொல்லுவான் உங்க பையன்?

அட, எந்திரிக்காதீங்க. பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு. நாம ஒரே ஜனம், இவ்வளவு தூரம் வந்துட்டு வெறும் டீயோட போறதா? என் பொண்ணு சொர்ணலதா உள்ளதான் இருக்கா. பி.காம். ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க.

அய்யாவு! டேய், அங்க என்ன சுவரப் பாத்துக்கிட்டு நிக்கற? ஓடிப்போயி மல்லிகை ரெண்டு முழம் வாங்கிட்டு வந்து அம்மாகிட்ட குடு. காலைலருந்து பாப்பா தலைய வாரிக்கிட்டு உக்காந்திருக்கு.