நொயெமியைப் பறக்கவிட்ட ஒதிலோன் வெர்காமன் அவர்களுக்கு

கரியும் புகையும் கவிந்த ஷார்ல்ருவா நகரில் பிறந்து, காணாத கோள்களையெல்லாம் கண்முன் விரித்த கலைஞரே! மையால் வானம் சமைத்த மாமனிதரே! பிரஸ்ஸல்ஸ் ‘வால்மீன்’ வார இதழின் ஓவியக்கூடத்தில் நாற்பத்தோராண்டு வீற்றிருந்து, இன்று விடைபெறும் ஒதிலோன் வெர்காமன் அவர்களே!

சுரங்கத் தொழிலாளியின் மைந்தராகிய தாங்கள், நிலவு நகரங்களுக்கும் சுரங்கத்து இரும்புக் கோபுரங்களையே தந்தீர்கள். தங்கள் படக்கதையில் விண்கலம் ஓட்டிய நொயெமி என்னும் நங்கை, வீடு திரும்பும் வழி தேடி வாரம் இரண்டு பக்கம் பறந்தாள். வியாழன்தோறும் வாசகர் அவளுக்காக ஏங்கிக் காத்திருந்தனர்.

1969-இல், “பெண் ஓட்டக் கூடாது, ஓர் ஆணை அமர்த்துங்கள்” எனப் பதிப்பாளர் பணித்தார். தாங்கள் வாதிடவில்லை, தூரிகையைத் துடைத்து வைத்துவிட்டு வெளியேறினீர்கள். பதினொரு மாதம் டிராம் பணிமனையில் ஏணியில் நின்று வண்டிகளுக்கு எண் எழுதினீர்கள். தங்கள் பக்கங்களை விளம்பரங்கள் நிரப்பின. எங்கள் நெஞ்சை எதுவும் நிரப்பவில்லை.

“நொயெமி எங்கே?” என்று வந்த கடிதங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு, அந்நாளில் வசனம் எழுதிய பெர்த் அம்மையார் பணிமனைக்கே வந்தார்.

“போதும்யா உன் வீம்பு! இந்த மூட்டைக்கு நீயே பதில் போடு.”

“பதிப்பாளர் என்ன சொல்றார்?”

“அவர் பேத்தியே அவர்கிட்ட பேச மாட்டேங்கறாளாம். மனுஷன் இறங்கி வந்துட்டார். நீ மொதல்ல அந்த ஏணியை விட்டு இறங்கு!”

இறங்கினீர்கள். அடுத்த வியாழனே நொயெமி மீண்டும் பறந்தாள்!

தங்கள் கோடு போன வழியே மிலானிலும் மத்ரித்திலும் இன்று வரைவோர் பலர். லியேஜிலிருந்து வந்த பெண் பொறியாளர் ஒருவர், தாம் உருவாக்கிய செயற்கைக்கோளின் படத்தை நீட்டி, “நொயெமியைப் பாத்துதான் சார் இந்தப் படிப்பே படிச்சேன்” என்றார். தாங்களோ, “இதுல ஜன்னலே இல்லையேம்மா, வீட்டைத் திரும்பிப் பாக்க வேணாமா?” என்றீர்கள். அவர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இப்போது கை நடுக்கம் தங்களைத் தடுக்கிறது. நொயெமியோ இன்னும் வீடு சேரவில்லை. எங்களில் ஒருவர் முடித்துவைக்கலாமா என்று கேட்டோம். “வேணாம்பா, அவ வழியிலேயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டீர்கள். தங்கள் சொல்லைத் தட்டமாட்டோம். ஆயினும் ஆசை விடவில்லை.

ஒஸ்டெண்டில் தங்கள் தங்கையார் இல்லத்துக் கடற்காற்று அந்தக் கைகளுக்கு இதம் தரட்டும்! கண்ணொளி குன்றாமல், களிப்புக் குறையாமல் நூறாண்டு கடந்தும் வாழ்க! வரும் திங்கட்கிழமை காலையில், பழக்கத்தில் ஏழு கோப்பைகளில் காப்பி ஊற்றிவிடுவோம். ஏழாவதை எடுக்க ஆளில்லை என்பது, ஊற்றிய பிறகுதான் எங்களுக்கு நினைவு வரும்.

பிரிய மனமில்லாத,
‘வால்மீன்’ ஓவியக்கூடத்து அறுவர்
பிரஸ்ஸல்ஸ்