வெறும் தூசி

தங்க நிறக் கரண்டியைக் கம்பி நார் போட்டுத் தேய்க்கக் கூடாது, ஐயா. பலருக்கு இது தெரிவதில்லை. அடியில் இருப்பது எவர்சில்வர். மேலே உள்ள நிறம் தலைமுடியின் கனம்கூட இருக்காது. மெத்தென்ற துணியால் துடைத்தால் பத்து வருஷம் உழைக்கும். நீங்கள் கேட்டது இதையல்ல என்று தெரியும். அதற்குத்தான் வருகிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் கரண்டி, முள்கரண்டி, கத்தி எல்லாவற்றிலும் பிடியில் கொடியும் இலையும் பொறிப்போம். கண்ணாடிபோல மெருகேற்றி, தங்கம், கறுப்பு, செம்பு என்று நிறம் ஏற்றுவோம். மெருகுச் சக்கரத்தில் பத்தொன்பது வருஷம் நின்றவன் நான். என் தங்கையின் கணவர் அங்கே மேற்பார்வையாளர். வந்து இரண்டே வருஷம்.

போன மாதம் நான் முடித்துவைத்த தட்டிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். "மச்சான், இதுல கோடு தெரியுது. கொஞ்ச நாள் பேக்கிங் பக்கம் இருங்களேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பதினொரு பேர் சக்கரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அன்றிலிருந்து அட்டைப்பெட்டி மடித்தேன். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நானில்லை. பெட்டி மடிக்கும்போது யோசிக்க நேரம் கிடைத்தது, அவ்வளவுதான்.

யோசித்ததில் தங்கையைப் பற்றிக் கவலை வந்தது. இளைத்திருந்தாள். போனில் பேசினால் சீக்கிரம் வைத்துவிடுகிறாள். "நல்லாத்தானே இருக்க?" என்று கேட்டேன். "எனக்கென்ன குறை, அண்ணா" என்று சிரித்தாள். சிரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஊரறிய என்னையே அப்படிப் பேசுகிறவன், நாலு சுவருக்குள் அவளை என்ன பாடு படுத்துவான்? நான் அண்ணன் என்று இருந்து என்ன பயன்?

நிறம் சரியாகப் பிடிக்காத கரண்டிகளை அமிலத்தில் போட்டு உரிப்பதற்குத் தனி அறை உண்டு. புகையை வெளியே இழுக்கும் விசிறி ஓடினால்தான் உள்ளே போகலாம். வியாழக்கிழமை காலை அதன் வயரைக் கழற்றிவைத்தேன். சக்கரங்களின் இரைச்சலில் விசிறி ஓடுகிறதா என்று யாருக்கும் கேட்காது. நல்ல கரண்டிகள் அமிலத் தொட்டியில் விழுந்துவிட்டன என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். பதறிக்கொண்டு உள்ளே ஓடினார். வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

"மச்சான், கதவு மாட்டிக்கிச்சு" என்று தட்டினார்.

"இருங்க மாப்பிள்ளை, ஆளைக் கூப்பிடுறேன்" என்றேன்.

எட்டுப் பெட்டி மடித்துவிட்டுத் திறந்தேன். இருமிக்கொண்டே வந்தார். தண்ணீர் கொடுத்தேன். "நல்ல வேளை, நீங்க பக்கத்துல இருந்தீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மத்தியானம் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தப் புகை உடனே வேலையைக் காட்டாது. எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

மாலை ஐந்தரைக்குத் தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். "அண்ணா, அவருக்கு மூச்சு வாங்குது, பேசவே முடியல. வேலை செய்யற இடத்துல ஏதாச்சும் புகை பட்டுச்சான்னு டாக்டர் கேக்கறாரு."

"இல்லம்மா. வெறும் தூசி."

டாக்டரிடம் போனைக் கொடுத்தாள். அவரிடமும் தூசி என்றே சொன்னேன். சொன்ன சொல்லை மாற்றுவது எனக்குப் பழக்கமில்லை. விடிவதற்குள் அவர் கதை முடிந்துவிட்டது.

ஆக, கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்ததல்ல, தங்கைக்காகச் செய்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நேற்று அவள் இங்கே வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அவரு என்னை ஒரு தடவைகூட அதட்டிப் பேசினதில்ல" என்றாள். "உனக்குக் கண்ணு மங்குது, சக்கரத்துல கையைக் குடுத்துடுவியோன்னு பயந்து, உன்னை வேற வேலைக்கு மாத்தச் சொன்னதே நான்தான்."

பாவம். செத்துப்போனவனைக் காப்பாற்ற இன்னும் பொய் சொல்கிறாள். அவ்வளவு பயம் அவன்மேல். தெளியக் கொஞ்ச நாள் ஆகும்.